நாங்க, நாங்களும், லே ஸாமி

"பேசாத எழுத்தை எதுக்கு சார் எழுதணும்?" மாலை நேர பிரெஞ்சு வகுப்பில் என் பக்கத்தில் உட்காருபவர் கேட்டது இது. சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறார். கனடா பி.ஆர். விண்ணப்பத்தில் பிரெஞ்சு தெரிந்தால் பாயிண்ட் கூடும் என்பதற்காகச் சேர்ந்தவர். மொழி மேல் காதலெல்லாம் கிடையாது, அதனாலேயே கேள்விகள் நேராக வரும். அன்றைக்குப் பலகையில் இருந்தது 'அவர்கள் பேசுகிறார்கள்' என்ற வாக்கியம். பிரெஞ்சில் அந்த வினைச்சொல்லுக்கு ஏழு எழுத்து. வாயில் வருவது 'பார்ல்' மட்டும். கடைசியில் நிற்கும் ஈ, என், டி மூன்றும் சும்மா. முன்னால் இருக்கும் 'ஈல்' என்ற சொல்லின் எஸ்ஸும் சும்மா. 'அவன் பேசுகிறான்' என்றாலும் காதுக்கு இதே 'ஈல் பார்ல்' தான். நான், நீ என்று ஆளை மாற்றினாலும் வினை அதே 'பார்ல்'. எழுத்தில் மட்டும் வால் மாறுகிறது. "தமிழ்ல பாருங்க, எழுதியிருக்கிறதை அப்படியே பேசுறோம். இவங்க மட்டும் ஏன் இப்படி இழுத்து வச்சிருக்காங்க?" என்று முடித்தார். வகுப்பே சிரித்தது. பாடம் நடத்தும் மதாமும் சிரித்துவிட்டு அடுத்த வினைக்குப் போய்விட்டார்.

கேள்வியின் முதல் பாதி நியாயம்தான். பிரெஞ்சுக்காரர்களே அதை மறுப்பதில்லை. 1857இல் ஃபோன்தேன்புளோ அரண்மனையில் எழுத்தாளர் மெரிமே ஒரு பத்தியைச் சொல்லச் சொல்ல அரசவையே உட்கார்ந்து எழுதியதாம். மூன்றாம் நெப்போலியன் 75 பிழைகள் விட்டார் என்றும், அரசி 62 விட்டார் என்றும், குறைவாகப் பிழை விட்டவர் வெறும் மூன்றோடு தப்பித்த ஆஸ்திரிய ராஜதந்திரி மெட்டர்னிக் என்றும் சொல்கிறார்கள். எண்ணிக்கையில் கொஞ்சம் மசாலா இருக்கலாம். ஆனால் வெளிநாட்டுக்காரர்தான் முதலிடம் என்ற பகுதியை பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் விரும்பித்தான் சொல்கிறார்கள். சொல்வதெழுதலைத் தொலைக்காட்சிப் போட்டியாகவே ஆக்கி, 1985இலிருந்து இருபது வருஷம் பெர்னார் பிவோ நடத்தியபோது நாடே பேனாவோடு உட்கார்ந்தது. எழுத்துக்கும் ஒலிக்கும் இடையிலான பள்ளம் அவர்களுக்கு ஒரு விளையாட்டு மைதானம்.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டது இரண்டாம் பாதி. தமிழில் எழுதியிருப்பதை அப்படியே பேசுகிறோமா? மேடையில், செய்தி வாசிப்பில், சரி. வீட்டில்? 'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்று எந்த வீட்டில் யார் சொல்கிறார்கள்? இதை நாம் ஒரு குறையாக நினைப்பதே இல்லை. அது பேச்சு, இது எழுத்து, அவ்வளவுதான். அதே சலுகையை பிரெஞ்சுக்குத் தர மட்டும் மனசு வருவதில்லை.

வந்துட்டாங்களா?

இது சும்மா ஒரு வாதமாக மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அக்கா ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள். கல்யாண வீட்டுக்கு யார் யார் வந்தார்கள் என்ற விசாரணை. நான் அடுத்த அறையில் வீட்டுப்பாடத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். "அவங்க வந்துட்டாங்களா? வந்துட்டாங்களா... சரி. பசங்க? ஓ, பசங்களும் வந்துட்டாங்க. அப்ப நாங்க மட்டும்தான் வரலையா? நாங்களே கிளம்பியிருக்கணும்." வழக்கமாக இது காதில் விழாமலே போகும். அன்றைக்கு ஒரே ஓர் எழுத்து மட்டும் தனியாகக் கேட்க ஆரம்பித்தது: ள்.

'அவங்க' என்பதில் ள் இல்லை. 'பசங்க'வில் இல்லை, 'நாங்க'வில் இல்லை. எழுத்தில் 'நாங்கள்' என்று கடைசியில் ஒரு ள் நிற்கிறது; பேச்சில் அதை விட்டுவிட்டோம். ஆனால் பின்னால் ஓர் உயிரெழுத்து வந்து ஒட்டட்டும், உடனே ள் எங்கிருந்தோ எழுந்து வருகிறது. நாங்க, நாங்களும். பசங்க, பசங்களே. வந்துட்டாங்க, வந்துட்டாங்களா. 'அவ' என்று சொல்கிறோம், 'அவளை' என்று சொல்கிறோம். 'அவவை' என்று எந்தக் குழந்தையும் சொல்வதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் இந்த ள்ளைச் சரியான இடத்தில் எடுத்து, சரியான இடத்தில் விட்டுவிடுவாள். அதாவது அந்த ள் காணாமல் போகவில்லை. பேசுகிறவர் தலைக்குள் இருக்கிறது, உயிர் வந்தால் வாய்க்கு வருகிறது.

இப்போது பிரெஞ்சு. 'நண்பர்' என்பதற்கு 'ஆமி' என்று ஒரு சொல். பன்மைக்கு முன்னால் 'லே' என்று ஓர் அடைச்சொல் போடுவார்கள். எழுத்தில் அதன் கடைசியில் எஸ் உண்டு, ஒலிக்காது. பூனைகள் என்றால் 'லே ஷா'. அங்கே 'ஷா'வுக்குப் பின்னாலும் டி, எஸ் என்று இரண்டு எழுத்துகள், இரண்டும் மௌனம். ஆனால் ஆமி உயிரில் தொடங்குகிறது. உடனே லேயின் எஸ் எழுந்து ஆங்கில இசட்டின் ஒலியாகி அடுத்த சொல்லின் மேல் ஏறிக்கொள்கிறது: 'லே ஸாமி'. (அந்த ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லை, 'ஸ்' என்றே எழுதிவைக்கிறேன். நண்பர்கள் சாமியாகிவிட்டதில் வகுப்புக்கு ஒரே குஷி.) இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் லியேஸோன். நாங்களும், பசங்களும், லே ஸாமி: மூன்றிலும் நடப்பது ஒன்றுதான்.

வித்தியாசம் இல்லாமல் இல்லை. நமக்கு இது பெரும்பாலும் ஒரு சொல்லுக்குள், விகுதி ஒட்டும் இடத்தில் நடக்கிறது; அவர்கள் சொல்லைத் தாண்டிப் போகிறார்கள். நம் செய்தி வாசிப்பாளர் 'நாங்கள்' என்று ள்ளை முழுதாக உச்சரிப்பார். பிரெஞ்சில் எவ்வளவு செந்தரமாகப் பேசினாலும் 'லே ஷா'வின் எஸ்ஸை யாரும் உச்சரிக்க மாட்டார்கள். ஆனாலும் இந்த ஒற்றுமை பிடிபட்ட பிறகு எனக்குப் பாடமே வேறு மாதிரி போக ஆரம்பித்தது. அதுவரை ஒவ்வொரு சொல்லுக்கும் 'இதில் எது ஒலிக்காது' என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். அதை நிறுத்தினேன்.

மூக்கொலிக்கும் இதுவே பொருந்துகிறது. பிரெஞ்சு பாடப்புத்தகங்கள் மூக்கு உயிர் என்று ஒன்றைச் சொல்லி வெளிநாட்டுக்காரர்களைப் பயமுறுத்தும். 'நல்ல' என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லில் அது வரும். தமிழர்கள் அந்தச் சொல்லை 'போன்' என்று ன் போட்டோ, 'போங்' என்று ங் போட்டோ வாசிக்கிறோம். தேவையே இல்லை. 'மரம்' என்று வீட்டில் பேசுகிற மாதிரி சொல்லிப் பாருங்கள். உதடு மூடுவதில்லை. வாய் திறந்தபடியே மூக்கில் போய் முடிகிறது. இப்போது 'மரமா?' என்று கேளுங்கள். உதடு மூடித் திறக்கிறது, ம் திரும்பிவிட்டது. 'அவன்', 'அவனா' என்பதும் அப்படியே. அந்தப் பிரெஞ்சுச் சொல் தனியாக நிற்கும்போது நம் 'மரம்' போலத் திறந்த வாயோடு மூக்கில் முடியும். 'நல்ல நண்பர்' என்று சொல்லும்போது 'பொனாமி', ன் முழுதாக வந்துவிடும். மூக்கு உயிர் நமக்குப் பிறந்த வீட்டுச் சொத்து. யாரும் நமக்கு எடுத்துச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆறு முட்டை

இந்த எழுத்துகள் எல்லாம் ஒரு காலத்தில் ஒலித்தவைதான். பழைய பிரெஞ்சில் சொல்லின் கடைசி மெய்களைச் சொன்னார்கள். பிறகு சில நூற்றாண்டுகளில் அவை உதிர்ந்தன. ஒரே நாளில் அல்ல: முதலில் அடுத்த சொல் மெய்யில் தொடங்கும் இடத்தில், பிறகு வாக்கியம் நிற்கும் இடத்தில். அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் மட்டும் பிடித்துக்கொண்டு நின்றன. இந்த மூன்று நிலையையும் இன்றும் ஒரே சொல்லில் பார்க்கலாம். ஆறு என்ற எண் தனியாக நின்றால் 'ஸீஸ்'. ஆறு புத்தகம் என்றால், அடுத்தது மெய், 'ஸீ' மட்டும். ஆறு குழந்தைகள் என்றால், அடுத்தது உயிர், கடைசி எக்ஸ் இசட்டாக ஒலிக்கும். பத்துக்கும் இதே கதை.

முட்டை இன்னும் வேடிக்கை. ஒரு முட்டை என்றால் கடைசி எஃப் ஒலிக்கும். பன்மைக்கு எழுத்தில் ஓர் எஸ் கூடுகிறது, வாயில் எஃப்பும் போய்விடுகிறது. உதட்டைக் குவித்துச் சொன்ன 'ஏ' மாதிரி ஒரு வெறும் உயிர்தான் மிஞ்சும். எழுத்து கூடக் கூட ஒலி குறைகிறது. இப்போது கடையில் ஆறு முட்டை கேளுங்கள். 'ஸீஸ்' பக்கத்தில் முட்டை வருகிறது. முட்டையின் எஃப் போகிறது. ஆறின் எக்ஸ் இசட்டாகி முட்டையின் மேல் ஏறுகிறது. மொத்தமாக 'ஸீஸே'. இரண்டு சொல்லும் எனக்குத் தனித்தனியாக நன்றாகத் தெரியும். சேர்த்து முதல் தடவை காதில் விழுந்தபோது அது ஏதோ ஆளின் பெயர் என்றே நினைத்தேன்.

எழுத்தில் மட்டும் இருக்கும் பன்மை என்று நாம் சிரித்த வினைச்சொல்லுக்கும் இங்கே பதில் இருக்கிறது. 'பேசு' என்பதன் பிரெஞ்சுச் சொல் மெய்யில் தொடங்குகிறது, அதனால் அவனும் அவர்களும் ஒன்றாகக் கேட்கிறது. 'நேசி' என்பதன் பிரெஞ்சுச் சொல் உயிரில் தொடங்குகிறது. அவன் நேசிக்கிறான்: 'ஈலெம்'. அவர்கள் நேசிக்கிறார்கள்: 'ஈல்ஸெம்'. நடுவில் ஒரு சின்ன இசட். ஒருவனா பலரா என்பது அந்த ஓர் ஒலியில் தொங்குகிறது. 'ஈல்' என்பதன் எஸ்ஸை எழுதாமல் விட்டால், 'ஈல்ஸெம்' எங்கிருந்து வரும்?

கேள்வியாகத் திருப்பினால் வினையின் கடைசி டி கூட எழுந்துவிடும்: 'பார்ல் தீல்?'. அந்த டி இவர்களுக்கு எவ்வளவு பழகிவிட்டது என்றால், டியே இல்லாத வினைக்கும் போட்டுக்கொள்கிறார்கள். 'அவனிடம் இருக்கிறதா' என்று கேட்கும்போது 'ஆ'வும் 'ஈல்'லும் மோதாமல் இருக்க நடுவில் ஒரு டியைச் செருகி 'ஆ தீல்' என்பார்கள். நன்னூல் படித்தவர்களுக்கு இது உடம்படுமெய். நாம் மணியடித்தான் என்று ய் போடுகிறோம், திருவிழாவுக்கு ஒரு வ் வைத்திருக்கிறோம். அவர்களிடம் இருப்பது டி.

சொல்லின் கடைசி ஈக்கும் நம்மிடம் உறவுக்காரர் உண்டு: குற்றியலுகரம். 'காடு' என்பதன் கடைசி உகரம் அரைகுறையாக ஒலிக்கிறது. 'காடு இல்லை' என்று சேரும்போது 'காடில்லை' என்று மறைந்தே போகிறது. தொல்காப்பியர் அதைத் தனியாக எடுத்துச் சார்பெழுத்து என்று வைத்துவிட்டார். பிரெஞ்சின் கடைசி ஈ பாரிஸில் அநேகமாகக் கேட்காது. தெற்கே மார்செய், துலூஸ் பக்கம் போனால் ஓர் அரை உயிராக நன்றாகவே கேட்கும். மரபுக் கவிதையில் பன்னிரண்டு அசை எண்ணும்போது, அடிக்கு நடுவில் வரும் அந்த ஈக்குப் பின்னால் மெய் வந்தால் அதற்கும் ஓர் அசை உண்டு. உயிர் வந்தால் கிடையாது, காடில்லை மாதிரி. இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. தான் ஒலிக்காவிட்டாலும் முன்னால் இருக்கும் மெய்யை எழுப்பிவிடும். 'சின்ன' என்பது ஆண்பாலில் 'பெத்தி', கடைசி டி மௌனம். ஓர் ஈ சேர்த்தால் பெண்பால், 'பெத்தித்'. அதனால்தான் மதாம் எங்களைப் பெண்பாலை முதலில் படிக்கச் சொன்னார். வாலை வெட்டினால் ஆண்பால் கிடைத்துவிடும். வெறும் காதை வைத்துக்கொண்டு ஆண்பாலிலிருந்து பெண்பாலுக்கு வர வழியே இல்லை.

இலத்தீன் பூச்சு

இவ்வளவு வக்காலத்து வாங்கியதால் எல்லாவற்றையும் ஆதரிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். எந்த உயிர் வந்தாலும் எழாத எழுத்துகளும் இருக்கின்றன. விரல் என்ற சொல் 'த்வா'. நடுவில் ஒரு ஜி இருக்கிறது. இலத்தீனில் விரலுக்கு 'திகிதுஸ்' என்று பெயர். அந்த வம்சத்தைக் காட்டுவதற்காகப் பிற்காலப் படிப்பாளிகள் ஒட்டவைத்த எழுத்து அது. ஏழுக்குள் இருக்கும் பியும் அப்படித்தான். 'எடை' இதைவிட மோசம். 'ப்வா' என்ற அந்தச் சொல் இலத்தீன் 'பென்சும்' வழி வந்தது. அதை 'பொந்துஸ்' வழி வந்ததாக நினைத்து, டாலரில் வரும் டி ஒன்றை நுழைத்துவிட்டார்கள். தப்பான அப்பா பெயரைப் போட்ட பிறப்புச் சான்றிதழ் இன்றுவரை திருத்தப்படவில்லை.

அந்தக் காலத்திலேயே எதிர்த்தவர் உண்டு. லூயி மெக்ரே என்பவர் 1550இல் தன் இலக்கண நூலையே ஒலிக்கிறபடி எழுத்துக்கூட்டி அச்சிட்டார். அந்த முறை நிலைக்கவில்லை. 1635இல் மொழிக்குக் காவல் நிற்கும் பிரெஞ்சு அகாதெமி வந்தது. 1673இல் அதன் உறுப்பினர் மெஸரே, பழைய எழுத்துக்கூட்டலே வேண்டும், அதுதான் படித்தவர்களை அறிவிலிகளிடமிருந்தும் சாதாரணப் பெண்களிடமிருந்தும் பிரித்துக் காட்டுகிறது என்று எழுதிவைத்தார். இவ்வளவு வெளிப்படையாக யாரும் சொன்னதில்லை. ஆனாலும் 1740 பதிப்பில் அதே அகாதெமியின் அகராதி ஏராளமான மௌன எழுத்துகளைக் களைந்தது. காடு, மருத்துவமனை போன்ற சொற்களில் இருந்த எஸ்ஸை எடுத்துவிட்டு உயிரின் மேல் ஒரு கூரை போட்டார்கள். ஆங்கிலம் மட்டும் அந்த எஸ்ஸை ஃபாரஸ்ட், ஹாஸ்பிட்டல் என்று இன்னும் வைத்திருக்கிறது. 1990இல் அந்தக் கூரையையும் சில இடங்களில் எடுக்கலாம், வெங்காயத்தின் வீண் ஐயையும் விட்டுவிடலாம் என்று பரிந்துரைத்தார்கள். 2016இல் பாடப்புத்தகங்கள் அதைப் பின்பற்றப்போகின்றன என்ற செய்தி வந்ததும் சமூக ஊடகங்களில் கூரையைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டார்கள். கட்டாயம் என்று யாருமே சொல்லவில்லை, விருப்பமிருந்தால் மட்டும்தான். விரலின் ஜியும் எடையின் டியும் போனால் எனக்கு வருத்தமில்லை. 'லே'யின் எஸ்ஸைத் தொட்டால்தான் வீடு சரியும்.

காதால் கற்றவர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. புதுச்சேரி முதலமைச்சராக இருந்த எதுவார் குபேரின் பெயருக்குப் பிரெஞ்சில் கடைசியில் ஒரு டி உண்டு. அவர் பெயரில் இருக்கும் குபேர் அங்காடியில் அந்த டியை யாரும் கேட்டதில்லை, தமிழில் எழுதும்போதும் வரவில்லை. பாரிஸ் மட்டும் ஆங்கிலம் வழியாக, கண் வழியாக வந்ததால் எஸ்ஸைச் சுமந்துகொண்டே வந்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு அது 'பரி'.

எழாத எச்

கடைசியாக எச். பிரெஞ்சில் எச் எங்கேயும் ஒலிக்காது. ஆனால் ஒலிக்காததிலேயே இரண்டு வகை வைத்திருக்கிறார்கள். ஒரு வகை இல்லாத மாதிரியே நடந்துகொள்ளும். லியேஸோன் அதைத் தாண்டிப் போய்விடும். இன்னொரு வகை, பெரும்பாலும் பழைய ஜெர்மானியச் சொற்களில் வருவது, சுவர் மாதிரி நின்று லியேஸோனைத் தடுக்கும். வீரர்கள் என்றால் 'லே ஏரோ', நடுவில் இடைவெளி. கட்டிச் சொன்னால் 'லேஸேரோ', அதற்குப் பொருள் பூஜ்ஜியங்கள். வீரர்களைப் பூஜ்ஜியமாக்கக் கூடாது என்றுதான் அங்கே சுவர் வைத்தார்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. வீராங்கனைக்கு அந்தச் சுவர் கிடையாது, தாராளமாகக் கட்டலாம்.

எந்த எச் எந்த வகை என்று பார்த்தால் தெரியாது, அகராதியில் ஒரு குறி போட்டிருப்பார்கள். தாய்மொழிக்காரர்களே இங்கே தடுமாறுகிறார்கள். கூடாத இடத்தில் கட்டுவதற்கு அவர்களிடம் பட்டப்பெயர்களே உண்டு. தப்பாக டி போட்டால் 'க்விர்', அதாவது தோல். தப்பாக இசட் போட்டால் 'வெலூர்', அதாவது வெல்வெட். நம் வேலூருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சில வெல்வெட்டுகள் அகராதிக்குள்ளேயே ஏறிவிட்டன. தனியாக, நேருக்கு நேர் பேசுவதை 'நான்கு கண்களுக்கு நடுவே' என்பார்கள். நான்கு என்ற சொல்லின் கடைசியில் எஸ்ஸே கிடையாது, ஆனாலும் ஓர் இசட்டைப் போட்டுத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் பீன்ஸில் அகாதெமி அசைந்துகொடுக்கவில்லை. பீன்ஸுக்கு 'அரிக்கோ' என்று பெயர், முன்னால் ஒரு சுவர் எச். பன்மையில் 'லே அரிக்கோ' என்று நிறுத்தித்தான் சொல்ல வேண்டும். 'லே ஸரிக்கோ' என்று கட்டிச் சொல்பவர்கள் ஏராளம். இனி அப்படிச் சொல்லலாம் என்று அகாதெமியே அனுமதித்துவிட்டது என ஒரு வதந்தி வருஷக்கணக்காகச் சுற்றுகிறது. அகாதெமியும் மறுத்துக்கொண்டே இருக்கிறது. மதாமிடம் கேட்டேன். பரீட்சையில் கட்டாதீர்கள், கடையில் எப்படிச் சொன்னாலும் பீன்ஸ் தருவார்கள் என்றார்.